கொதியில் பாதி, இறக்கிய பின் பாதி

எங்கள் திருச்சபைப் பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த அதே வருஷத்தில்தான், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு அடுப்பில் பீர் காய்ச்சினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. காய்ச்சியதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. முதல் இரண்டு தடவையும் கெடுத்துவிட்டதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நான் வேதியியல் பட்டம் வாங்கியவள். பெண்கள் பள்ளி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஒரு காய்ந்த பூவை வெந்நீரில் எப்போது போடவேண்டும் என்று தெரியாமல் ஒன்றரை மாதம் திண்டாடினேன் என்றால் என்னிடம் படித்த பிள்ளைகள் சிரிக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டர். ஆலைக்குப் புது மெஷின் வாங்கியபோது, அதைப் பூட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டு வரச்சொல்லி அவரை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போனவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். ஆனால் வந்தவர் பழைய ஆள் இல்லை. எதைத் தொட்டாலும் "அங்கெல்லாம்" என்று ஆரம்பித்தார். அங்கெல்லாம் கதவு சத்தம் போடாது. அங்கெல்லாம் பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே ஒன்று சொல்வார், அதைத்தான் விடமுடியவில்லை.

"இந்நேரம் அங்க ஒரு கிளாஸ் பீர் முன்னால இருக்கும். அந்தக் கசப்பும் அந்த வாசனையும்... எம்புட்டு சொன்னாலும் ஒனக்குப் புரியாது, ஏட்டி."

புரியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.

அவர் குடிகாரர் இல்லை. அதற்கு முன் கையால் தொட்டதுகூட இல்லை. திரும்பி வந்த பிறகு ஒரே ஒரு தடவை ராஜபாளையத்தில் ஒரு பாட்டில் வாங்கி, பாதி குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணி" என்று கீழே ஊற்றிவிட்டாராம். அதையும் அவரே வந்து என்னிடம் ஒப்பித்தார். ஆகவே குடி எனக்குப் பயமாக இல்லை. பயம் வேறொரு காகிதத்தில் வந்தது. மெஷின் கம்பெனியின் ஏஜெண்டுகளிடமிருந்து ஏப்ரல் மாதம் அவருக்கு ஒரு கடிதம். அவர்களிடமே வேலைக்குச் சேர்ந்து ஆப்பிரிக்காவில் ஆலை ஆலையாக மெஷின் பூட்டவேண்டும். இரண்டு வருஷம். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சம்மதமா இல்லையா என்று எழுதவேண்டும்.

"போறீங்களா?" என்று கேட்டேன்.

"யோசிக்கணும்" என்றார். உடனே "போகலை" என்று சொல்லவில்லை. இந்த மனுஷன் இல்லாமல் இரண்டு வருஷம் என்பதை என்னால் நினைத்தே பார்க்கமுடியவில்லை. ஆனால் அழுது நிறுத்துகிற ஜாதி நான் இல்லை. கணக்குப் போட்டேன். இவருக்கு அங்கே பிடித்தது என்ன? அந்தக் கசப்பும் வாசனையும். அதை இங்கேயே கொடுத்துவிட்டால் எதற்குப் போகவேண்டும்? எனக்கு அப்போது அது அறிவியல் மாதிரித்தான் தெரிந்தது.

பொருள் கையில் இருந்தது. அங்கே அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்ட ஒரு இன்ஜினியர், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவராம். விடைபெறும்போது ஒரு வெள்ளித்தாள் பொட்டலம் கொடுத்திருந்தார். உள்ளே காய்ந்த பச்சை மொட்டுகள். ஹாப்ஸ் என்று பெயர். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது அதுதான். பிரித்து முகர்ந்தேன். ஆரஞ்சுத் தோலும் மருக்கொழுந்தும் வெட்டிய புல்லும் சேர்ந்த வாசனை. செய்முறையை வீட்டுக்காரர் நோட்டில் எழுதிவந்திருந்தார். மெஷினைப் பற்றிய பக்கங்களில் ஒரு நூல் அளவு இடைவெளிக்குக்கூடப் படம் போட்டு அம்புக்குறி இட்டிருந்த மனுஷன், இந்தப் பக்கத்தில் கடைசியில் எழுதியிருந்தது: "ஹாப்ஸ் போடவும்." எப்போது, எவ்வளவு, எந்தச் சூட்டில்? ஒன்றும் இல்லை.

"ரெண்டு தடவை போட்டாரு. அது ஞாபகம் இருக்கு" என்றார்.

"எப்ப எப்ப?"

"அப்ப நான் பேசிக்கிட்டு இருந்தேன்."

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் இரண்டையும் மம்சாபுரத்தில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஆய்வுக்கூடத்தைக் கோடை விடுமுறைக்குப் பூட்டும் முன் ஒரு வெப்பமானியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திருட்டு இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பார்லி முளைகட்ட வழியில்லை. கடையில் கிடைப்பது தோல் தீட்டியது, முளைக்காது. அதனால் கேழ்வரகை முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வாணலியில் லேசாக வறுத்து, ரவையாக உடைத்துக்கொண்டேன். அதை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு வேட்டித் துணியில் வடிகட்டினால் இனிப்பாக ஒரு சாறு வந்தது. போதாத இனிப்புக்குக் கருப்பட்டி. பொங்கவைக்க பேக்கரியிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட். பூப்போடும் நேரம் ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் என் மாமனார் நுழைந்தார்.

மாமனாருக்கு ஊருக்குள் நாட்டு மருந்துக் கடை. காய்ந்த எதைக் கண்டாலும் கொதிக்கவைக்காமல் விடமாட்டார். மொட்டு ஒன்றை வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடினார்.

"தாயி, இது பித்தத்துக்கு நல்லது. எல்லாத்தையும் முதல்லயே போட்ரு. இலையோ பூவோ, எட்டுக்கு ஒண்ணா வத்தணும். பாதி வெந்த மருந்து வயித்தைக் கெடுக்கும்."

"இது மருந்து இல்ல, மாமா."

"கசக்குதுல்லா? அப்ப மருந்துதான்."

மதுவிலக்குப் போலீஸ் வந்தால் கஷாயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் தைரியம் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கும் நியாயம் தெரிந்தது. நம் ஊரில் காய்ந்த பூவை வேறு என்ன செய்வோம்? பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, கேழ்வரகுச் சாறு கொதி வந்ததும் மொத்தமாகக் கொட்டினேன். ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதித்தது. ஆரம்பத்தில் தெருவே மணத்தது. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து என்ன பூ என்று கேட்டார்கள். கடைசியில் வீட்டுக்குள்கூட வாசனை இல்லை. அத்தனையும் ஜன்னல் வழியாகப் போய்விட்டது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து, பெரிய ஊறுகாய் ஜாடியில் ஊற்றித் துணி கட்டி ஈரச் சாக்கின் மேல் வைத்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்தார். அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "வாசனையே இல்லை. வெறும் கசப்பு" என்றார். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். நிலவேம்பும் வேப்பங்கொழுந்தும் கூட்டணி வைத்துக்கொண்டு நாக்கில் ஏறி உட்கார்ந்தன. மாமனார் மட்டும் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "அருமையா வந்திருக்கு" என்றார். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மூடி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மடக்கு குடித்துவந்தார். பித்தம் தணிந்ததா தெரியாது. காலையில் ரொம்ப உற்சாகமாகக் கடைக்குப் போனார்.

இரண்டாம் தடவை மாமனாரைக் கடையில் பூட்டிவைக்காத குறையாகத் தள்ளிவைத்தேன். கொதித்ததால் கசந்தது, ஆகவே கொதிக்கவே விடக்கூடாது என்று முடிவுகட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்த வண்டியை மறு பக்கம் கவிழ்க்கிற புத்தி. சாற்றைத் தனியே கொதிக்கவைத்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அடுத்த பங்குப் பூவைப் போட்டு மூடினேன். மணம் என்றால் மணம், ஜாடியைத் திறந்தால் அறையே தோட்டமாகிவிடும். எனக்கு ஒரே பெருமை.

அந்த ஜாடி பொங்கிக்கொண்டிருந்த சனிக்கிழமைதான் பெண்கள் சங்க ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் முறை. நான் மறந்தே போய்விட்டேன். எங்கள் போதகரின் மனைவியை ஐயரம்மா என்று கூப்பிடுவோம். அவர்கள் பதினைந்து பெண்களோடு வந்து உட்கார்ந்தபோது ஜாடியை நகர்த்த நேரமில்லை. மேல் ஒரு போர்வையைப் போட்டு அதன்மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவைத்தேன். எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபிக்கிற நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து "களக்" என்றது. செத்த நேரம் கழித்து மறுபடி "களக், களக்". மேலிருந்த பாட்டுப் புத்தகம் ஒன்று மெதுவாகச் சரிந்து விழுந்தது. ஐயரம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்கள்.

"அது என்னதும்மா?"

"கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம், ஐயரம்மா."

எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம் ஊறப்போடுவது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் அது மே மாதம்.

"நல்லா முந்திக்கிட்டீக" என்று சொல்லிவிட்டு ஐயரம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். கூட்டத்தின் கடைசியில், குடும்பங்களைச் சோதனைகளிலிருந்து காக்கும்படி ஒரு ஜெபம் நீளமாகச் செய்தார்கள். சோதனை என்ற சொல் வரும்போதெல்லாம் ஜாடி பதில் சொன்னது.

அவ்வளவு பாடுபட்டும் அந்தத் தடவையும் தேறவில்லை. வீட்டுக்காரர் முதலில் முகர்ந்தார், கண் விரிந்தது. "இதேதான், இதே வாசனைதான்!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு குடித்தார். "கோயில் பானகம் மாதிரி இருக்கு" என்று கீழே வைத்தார். கசப்பு துளிகூட இல்லை. கருப்பட்டித் தித்திப்பு மட்டும் தொண்டையில் ஒட்டியது. நான் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பொட்டலத்தில் இருந்தது கடைசிப் பங்கு. ஏஜெண்டுகளின் கடிதம் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் எனக்குத் தெரியும்படியே செருகியிருந்தது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அடுப்படிக்கு வந்தவுடன் ஏன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன்? ஐந்து டம்ளர் எடுத்தேன். ஐந்திலும் ஒரே அளவு நீர், ஒரே அளவு கருப்பட்டி, இரண்டிரண்டு மொட்டு. முதலாவது மொட்டோடு அரை மணி நேரம் கொதித்தது. இரண்டாவது ஐந்து நிமிஷம் மட்டும் கொதித்தது. மூன்றாவதில் அடுப்பை அணைத்து, வெப்பமானி தொண்ணூறு காட்டியபோது மொட்டைப் போட்டேன். நாலாவதில் எண்பது. ஐந்தாவதில் அறுபது. கால் மணி நேரம் மூடிவைத்து வடிகட்டி, மாமனாரைக் கூப்பிட்டேன். கசப்பைப் பிரித்துச் சொல்ல அவர் நாக்கைவிட நல்ல கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

முதல் டம்ளருக்கு, "நிலவேம்பு" என்றார். இரண்டாவதுக்கு, "சுண்டைக்காய்." மூன்றாவதுக்கு, "பாகற்காய், அதுவும் புளி ஊத்தின பாகற்காய்." நாலாவதை நாக்கில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "வேப்பம்பூ ரசத்துல கடைசியில வருமே, அம்புட்டுத்தான். ஆனா மணக்குது தாயி." ஐந்தாவதுக்கு, "இதுல கசப்பே இல்ல. வாசனை மட்டும் இருக்கு. இத எதுக்குக் குடிக்கணும், மோந்து பாத்தாப் போதுமே" என்றார்.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. பூவுக்குள் கசப்பு தூங்குகிறது. கொதிதான் அதை எழுப்பும். கொதிக்கக் கொதிக்கக் கசப்பு ஏறும், மணம் ஆவியோடு ஓடும். சூடு எண்பதுக்கு இறங்கிவிட்டால் கசப்பு எழுந்திருக்காது, மணம் தங்கிவிடும். அந்த ஜெர்மன்காரர் இரண்டு தடவை போட்டது இதற்குத்தான். கசப்புக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று. ரசத்துக்கு மிளகை முதலிலும் மல்லித்தழையை இறக்கிய பிறகும் போடுகிற நான் இதை முதல் நாளே யோசித்திருக்கலாம். தினம் இரண்டு வேளை செய்கிற வேலையில் அறிவியல் இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசிப் பங்கை இரண்டாகப் பிரித்தேன். பாதியைச் சாற்றோடு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். பானையை இறக்கி, வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, எண்பத்தைந்து. மே மாத வெயிலில் அடுக்களையில் நான்தான் முதலில் வெந்துபோவேன் போலிருந்தது. எண்பதைத் தொட்டதும் மிச்சப் பாதியைப் போட்டு மூடினேன். நோட்டில் "ஹாப்ஸ் போடவும்" என்பதற்குக் கீழே என் கையெழுத்தில் எழுதிவைத்தேன்: கொதியில் பாதி, இறக்கிய பின் பாதி, எண்பது டிகிரி.

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது ஜாடியைத் திறந்தேன். சாயங்காலம் அவர் வந்து கைகால் கழுவி நாற்காலியில் உட்கார்ந்ததும், மாமனார் ஊஞ்சல் பலகையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, டம்ளரை நீட்டினேன். கேழ்வரகின் நிறத்தில், மேலே விரல்கடை நுரை. முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அவர் கண் கலங்கியது.

"அதேதானா?" என்றேன்.

"அதேதான். கொஞ்சங்கூட மாறலை."

"அப்ப இருப்பீங்களா?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் தேடினது ருசி இல்லை, ஏட்டி. நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அங்க வேலை முடிஞ்சா பெரிய இன்ஜினியர், சின்ன இன்ஜினியர், நான், எல்லாரும் ஒரே மேசை. பெரிய இன்ஜினியரே நாற்காலிய இழுத்துப் போட்டு, அவரே ஊத்தி எம்முன்னால வைப்பாரு. பதினோரு வருசமா நம்ம மில்லுல மேனேஜர் ரூமுக்குப் போறேன். மெஷினு எப்படி ஓடுதுன்னு அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கேன். ரெண்டு நாற்காலி காலியாக் கெடக்கும். ஒரு நாளும் உக்காருன்னு சொன்னதில்லை. நின்னுக்கிட்டே சொல்லிட்டு வருவேன். ஆப்பிரிக்காவுல உக்காரச் சொல்லுவாக."

இந்த இடத்தில் நான் உருகியிருக்கவேண்டும். உருகவும் செய்தேன், கொஞ்ச நேரம். இத்தனை நாள் இதை மனசில் வைத்துக்கொண்டு பீர் பீர் என்று புலம்பியிருக்கிறாரே என்று அவர் மேல் பாவமாக இருந்தது. அடுத்த நொடியே எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ஜாடி மூடியுமாக நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"பதினோரு வருசமா நானுந்தான் நிக்கேன்" என்றேன். "நீங்க மில்லுல மட்டுந்தான் நின்னீக. நான் இந்த வீட்டுல உங்களுக்குப் பரிமாறிட்டு, மாமாவுக்குப் பரிமாறிட்டு, பிள்ளைகளுக்குப் போட்டுட்டு, அடுப்படியில நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீயும் உக்காருன்னு சொல்லியிருப்பீகளா?"

மாமனாரின் ஊஞ்சல் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை. மெஷினில் எங்கிருந்தோ சத்தம் வருகிறது என்று வெளியெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் தான் மாட்டிய போல்ட்டிலேயே கண்டுபிடித்தவரின் முகம். எழுந்தார். உள்ளறைக்குப் போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து தன் நாற்காலிக்கு எதிரில் போட்டார். ஒரு டம்ளரைக் கழுவி எடுத்துவந்து, ஜாடியிலிருந்து அவரே ஊற்றி, என் முன்னால் வைத்தார்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். சங்கத்துச் செயலாளர், ஜெபக்கூட்டம் நடந்த அதே அறையில், பீர் குடித்தேன். முதலில் மணம் வந்தது, பிறகு கசப்பு, பிறகு மறுபடி மணம். எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். குடித்துவிட்டுச் சொன்னேன்: "போகணும்னா போங்க. ஆனா நாற்காலிக்காக அம்புட்டுத் தூரம் போகாண்டாம். நாளைக்கு அந்த ரூமுக்குள்ள போயி நீங்களே இழுத்துப் போட்டு உக்காருங்க. எந்திரின்னு சொன்னா, அன்னைக்கே சம்மதம்னு எழுதிப் போடுங்க. நானே ஸ்டாம்பு ஒட்டித் தாரேன்."

மறுநாள் அவர் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சொன்னார். மெஷின் படத்தை எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் விரித்தாராம். நாற்காலியை இழுத்தாராம். அது தரையில் கிரீச்சென்று கத்தியதாம். உட்கார்ந்தாராம். மேனேஜர் தலையைத் தூக்கி அவரையும் நாற்காலியையும் பார்த்தாராம். பிறகு மேனேஜர், மேசையில் தன் பக்கமாக விரித்திருந்த படத்தை இருவருக்கும் நடுவில் வரும்படி குறுக்காகத் திருப்பி வைத்தாராம்.

வரவில்லை என்று ஏஜெண்டுகளுக்கு இரண்டு வரி எழுதினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பரிமாற யாரும் இல்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், இருவருக்கும் எழுந்திருக்க மனசில்லை. மாமனார் சோற்றுச் சட்டியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "கைதான் இருக்குல்லா, அவுகவுக எடுத்துப் போட்டுக்கிடுங்க" என்று தன் தட்டில் முதலில் போட்டுக்கொண்டார்.